அரியணை ஒழிந்த ஊருக்கு ஓடிய முதல் வண்டி

(ஆம்பூரில் தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

பகல் முழுதும் தோல் பதனிடும் களங்களில் உழைத்த களைப்பையும் பொருட்படுத்தாது தமிழ் கேட்க வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

இவ்வூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் இடையிடையே வண்டியின் ஓசை வந்து பேச்சை மறிக்கும். இன்று அதனைக் குறையாகக் கொள்ள வேண்டா. இன்றைய பொருளே அந்த வண்டிதான். நீராவி வண்டி முதன்முதல் ஓடிய நாளில் அதில் ஏறிச் சென்ற மன்னரும் மன்னரின் ஆட்களும் யாவர், அவர்கள் எங்குச் சென்றனர், அச்செலவுக்குப் பொருள் தந்தவர் யாவர் என்பதே கேள்வி.

செலவு என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பணம் கரைவதே செலவு என்று இக்காலத்தார் எண்ணுகின்றனர். செல் என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லுக்கு வழிப்போக்கு என்பதே முதற்பொருள். பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் மனம் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்று பழந்தமிழ் அகப்பொருள் துறை வகுத்தது. பிரயாணம் என்னும் வடசொல் வந்து நடு வீட்டில் அமர்ந்த பின்னர், செலவு என்னும் தமிழ்ச்சொல் பணப்பைக்குள் ஒடுங்கிவிட்டது. ஆயினும் மன்னர் செலவு என்னுமிடத்து இரு பொருளும் ஒருங்கே பொருந்தும். செல்பவர் மன்னர், செலவு மக்களுடையது!

கல்லில் குழித்த வழி

தமிழ்நாட்டில் வழி என்பது வெள்ளையர் வந்து போட்டதன்று. பெருவழிகள் இங்குப் பல நூற்றாண்டுகளாக இருந்தன. இவ்வட்டாரத்துக்குத் தெற்கே தகடூர் நாட்டில், இன்றைய தருமபுரிப் பக்கத்தில், அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த இடைக்காலக் கற்கள் கிடைத்துள்ளன. நாவற்றாவளம் என்னும் ஊர் அவ்விடத்திலிருந்து எத்தனைக் காதம் என்பதை அக்கற்கள் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று 29 காதம் என்கின்றது. அத்தொகையைத் தமிழெண்ணால் பொறித்ததோடு அமையாது, பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் குடைந்து வைத்துள்ளனர். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று.

எதற்காக? எழுத்தறியாத வழிப்போக்கனும் தடவிப் பார்த்துத் தொலைவை அறிந்துகொள்வதற்காக! அரசன் பெயரால் அமைந்த வழி, சுமை தூக்கி நடப்பவனின் அறியாமையையும் எண்ணிப் பார்த்தது. இந்தக் கல்லை மறவாமல் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். பொழிவின் முடிவில் அது மீண்டும் வரும்.

பாலாற்றங்கரைக்கு வந்த மூன்று செலவுகள்

இருப்புவழிக்கு முன்னர் இப்பாலாற்றுப் பள்ளத்தாக்கு கண்ட மன்னர் செலவுகள் இரண்டு. இருப்புவழியோடு வந்தது ஒன்று. மூன்றையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இந்நாட்டின் ஆட்சி எப்படிக் கைமாறிற்று என்பது விளங்கும்.

முதற்செலவு யானைமேல். 1749 ஆகத்து 3ஆம் நாள் இதே ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருத்தீன்கான் யானைமேல் இருந்தவாறே சுடப்பட்டு மாண்டார். எதிரே நின்றவர் சந்தாசாகிபும் முசாபர் சங்கும், அவர்க்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையினரும் ஆவர். மாண்டவரின் மகன் முகமது அலி ஆங்கிலேயரை அண்டினார். அவர் பெற்ற வாலாசா என்னும் பட்டப்பெயரே வாலாசாப்பேட்டைக்குப் பெயராயிற்று. அண்டியவர் கடனாளியானார். கடன் கொடுத்தவர் நாட்டை எடுத்துக்கொண்டனர். 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு நவாபுக்குப் பட்டம் எஞ்சிற்று. ஆட்சி கிழக்கிந்திய வணிகக் குழுவின் கைக்குப் போயிற்று.

இரண்டாம் செலவு சிறைச்செலவு. கண்டி நாட்டின் கடைசி மன்னர் விக்கிரமராசசிங்கர் 1815இல் பிடிபட்டார். மறு ஆண்டு கொழும்பிலிருந்து கப்பலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்து, அங்கிருந்து தரைவழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். 1832இல் அக்கோட்டைச் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வேலூரில் பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்துமண்டபம் நிற்கின்றது. ஈழத்தின் கடைசி அரியணைக்கு உரியவர் தமிழ் மண்ணில் உறங்குகின்றார் என்பதை இவ்வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

மூன்றாம் செலவே நீராவிச் செலவு. அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்பது திங்களில் நடந்தது

1855 அக்தோபர் 7ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபு குலாம் கவுசுகான் மகப்பேறின்றி மறைந்தார். அதே திங்கள் 29ஆம் நாள் தஞ்சை மராட்டிய மன்னர் சிவாசியும் ஆண் வழித்தோன்றல் இன்றி மறைந்தார். ஒரே திங்களில் இரண்டு அரசகுடிகள்! இருவரும் தமிழ் வேந்தர் அல்லர். ஆட்சியதிகாரம் எப்போதோ அவர்களை விட்டு நீங்கியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் வெள்ளையர் அந்த வெற்றுப் பட்டத்தையும் விட்டுவைக்க விரும்பவில்லை. அப்போது சென்னை ஆளுநராயிருந்தவர் ஆரிசு பெருமகன். நவாபுப் பட்டத்தை இத்தோடு ஒழித்துவிடலாம் என்று எழுதி அனுப்பியவர் அவரே. அதனை ஏற்றுக்கொண்டவர் தலைமை ஆளுநர் தல்லவுசி. வழித்தோன்றல் இல்லை என்று சொல்லிச் சாத்தாராவையும் நாகபுரியையும் சான்சியையும் விழுங்கியவரும் அவரே; இந்திய நிலமெங்கும் இருப்புவழி போடத் திட்டம் தீட்டியவரும் அவரே! நாடு சேர்ப்பதும் வழி போடுவதும் ஒரே கையின் இரண்டு விரல்களாக இயங்கின.

நவாபு மறைந்து ஒன்பது திங்கள் நிறைவெய்தும் முன்னரே, 1856 சூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் மக்கள் வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. எங்கே சென்றது? ஆர்க்காட்டை நோக்கி! நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வழி அது. பாலாற்றின் வடகரையில் இன்று வாலாசா நிலையம் உள்ள இடமே அன்றைய எல்லை. வண்டியின் பெட்டிகள் சென்னைச் சிம்சன் குழுவாரின் பட்டறையில் செய்யப்பெற்றவை. அதில் ஏறிச் சென்ற முதன்மையானவர் யார்? ஆர்க்காட்டுப் பட்டத்தை ஒழிக்கச் சொன்ன அதே ஆரிசு பெருமகன்! அவருடன் ஐரோப்பியர் ஏறத்தாழ 300 பேர் சென்றனர் என்பர். இந்நாட்டு மக்களை ஏற்றிக்கொண்டு மற்றொரு வண்டி அதே நாளில் திருவள்ளூர் வரை ஓடிற்று என்றும் கூறுவர்.

எண்ணிப் பாருங்கள்! அரியணை வெறுமையாயிற்று, அவ்வரியணையின் பெயரைத் தாங்கிய ஊரை நோக்கி, அதனை வெறுமையாக்கியவரே முதல் வண்டியில் வருகின்றார். மன்னர் செலவு என்பது இப்படித்தான் உருமாறிற்று. மன்னர் இல்லை, மன்னரின் இருக்கையில் ஆளுநர்.

இவ்வழியைப் போட்ட பொருள் எங்கிருந்து வந்தது? இலண்டனில் பங்கு வாங்கியவர்கள் முதலிட்டனர். ஆனால் வண்டி ஓடி ஊதியம் வந்தாலும் வராவிட்டாலும், அவர்கள் முதலுக்கு நூற்றுக்கு 5 வரை வட்டி தருவதாக அரசு உறுதி அளித்தது. அவ்வட்டி இந்நாட்டு வரிப்பணம். வரி கட்டியவன் உழவன். அவன் அந்நாளில் வண்டியைப் பார்த்ததுகூட இல்லை.

ஒளிமிகு பெட்டியும் இருண்ட ஆண்டுகளும்

கடல் கடந்த நாட்டிலும் மன்னர் செலவு எளிதாகத் தொடங்கவில்லை. விக்டோரியா அரசியார் முதன்முதல் நீராவி வண்டியில் ஏறியது 1842 சூன் 13ஆம் நாள். சிலாவு என்னும் ஊரிலிருந்து இலண்டன் பேடிங்டன் வரை ஏறத்தாழ 25 மணித்துளிச் செலவு. பின்னாளில் அவர் செல்லும் வண்டிக்கு முன்னே, வழியில் இடர் உண்டா என்று பார்க்க ஒரு பொறி தனியே ஓடும். வழி நெடுகக் காவலர் நிற்பர். அவ்வரசியார் இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர். அவர் மகன் எட்வர்டு இளவரசரே வந்தார்.

1875ஆம் ஆண்டு திசம்பரில் அவர் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் வந்திறங்கினார். அப்போதுதான் போடப்பட்டிருந்த வழியில் மணியாச்சி, மதுரை வழியாகத் திருச்சி சேர்ந்தார். திருச்சியிலிருந்து சென்னைக்கு விழுப்புரம் வழியாகச் செல்லும் இருப்புவழி அன்று இல்லை. ஈரோடு சென்று, சேலம், சோலையார்பேட்டை வழியாகத்தான் சென்னை சேர முடியும். ஆதலின் வாணியம்பாடி, ஆம்பூர், குடியேற்றம், காட்பாடி என்னும் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கே அம்மன்னர் வண்டிக்கும் வழியாயிற்று. திசம்பர் 13இல் அவர் சென்னை சேர்ந்தார். 15ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

அவர் சென்ற பின் வந்த ஆண்டு என்ன கொணர்ந்தது? 1876இல் மழை பொய்த்தது. தாது ஆண்டுப் பஞ்சம் என்று பாட்டிமார் வாய்வழி வந்த பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் தென்னாட்டிலும் மேற்கு நாட்டிலுமாக 50 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். வடஆர்க்காடும் சேலமும் கடுமையாக வாடிய மாவட்டங்கள்.

அந்நாளில் இருப்புவழி இருந்தது, வண்டி இருந்தது, சென்னைத் துறையில் தவசமும் வந்திறங்கிற்று. பின் ஏன் மக்கள் மாண்டனர்? தவசம் பசித்தவனைத் தேடிப் போகவில்லை. விலை கொடுப்பவனைத் தேடிப் போயிற்று. உழுதவன் கையில் காசில்லை. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது தலைமை ஆளுநர் இலிட்டனின் கொள்கை. சென்னை அரசு முன்னெச்சரிக்கையாக 30,000 தன் தவசம் வாங்கியபோது, அச்செயலைக் குறை கூறியது மேலிடத்து அரசு. நிலைமையைப் பார்க்க வந்த இரிச்சர்டு தெம்பிள், துயர்துடைப்பு வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தவசமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்தக் கூலி நடைமுறைக்கு வந்த அதே 1877ஆம் ஆண்டின் முதல் நாளில்தான், விக்டோரியா இந்தியப் பேரரசியார் என்று தில்லியில் பெருவிழா எடுத்துப் பறைசாற்றினர். குறுநில மன்னர் பலர் வரிசை வரிசையாக அங்குச் சென்று கூடினர். வடக்கே விருந்து; தெற்கே சுடுகாடு!

தோல் தொழில் செய்யும் இவ்வட்டாரத்தார் மறக்கலாகாத ஒன்று உண்டு. பஞ்சத்தில் மாடுகள் தீனியின்றி மடிந்தன. அவற்றின் தோல் சென்னைத் துறைக்குக் குவிந்தது, ஏற்றுமதி பெருகிற்று. உழவனுக்கு அது ஏர் பூட்டிய மாடு. கப்பலுக்கு அது சரக்கு. ஏட்டில் வணிகம் வளர்ந்தது என்று எழுதியிருக்கும். அவ்வளர்ச்சியின் உள்ளே எத்தனைத் தொழுவங்கள் வெறுமையாயின என்று ஏட்டில் எழுதியிராது.

வண்டி மக்களுடையதான கதை

இவ்வளவும் கேட்டு, இருப்புவழியே தீது என்று யாரும் கருத வேண்டா. பொறி தீதன்று, அதனை எவர் கை இயக்குகின்றது என்பதே கேள்வி. பின்னர் இவ்வழி மேற்குக் கடற்கரை வரை சென்றது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு சுண்ணாம்புக் குழியருகே நின்று பதனிட்ட தோல், ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் சென்னைத் துறை சேர்ந்து உலகெங்கும் சென்றது. இன்று உலக நாடுகளில் பலர் காலில் அணியும் செருப்பில் இப்பாலாற்றுக் கரையின் உழைப்பு இருக்கின்றது. இவ்வாறு வளர்ந்த தொழில், பாலாற்று நீரையும் நிலத்தையும் கெடுத்த வரலாறும் உண்டு. அதற்கு விடை காண்பதும் தமிழரின் கடனே.

மன்னருக்குத் தனிப்பெட்டி அமைத்த அதே வழியில் மக்கள் நெருக்கிக்கொண்டு ஏறினர். எந்தக் குலத்தான் அருகில் எவன் அமர்வது என்று வகுத்து வைத்திருந்த கட்டுகள், மூன்றாம் வகுப்புப் பெட்டியின் நெரிசலில் தளர்ந்தன. ஆளுநருக்காக ஓடிய வண்டியை மக்கள் தமதாக்கிக்கொண்டனர்.

மொழியிலும் அவ்வாறே. புலவர் குழு கூடி முடிவெடுக்கும் முன்னரே எளிய மக்கள் அப்பொறிக்குத் தமிழ்ப்பெயர் இட்டனர். புகை விட்டது, புகைவண்டி என்றனர். கை நீட்டி நின்ற மரத்தைக் கைகாட்டி என்றனர். எழுத்தறியாதவனின் நாவில் பிறந்த சொற்கள் இவை! தமிழில் அறிவியலுக்குச் சொல் இல்லை என்று கல்லூரிப் படியேறியவன் சொல்லுகின்றான். தண்டவாளத்தின் ஓரம் ஆடு மேய்த்தவன் கைகாட்டி என்று சொல் படைத்துவிட்டான். இன்று கரிப்பொறி போய் மின்பொறி வந்துவிட்டது. புகை இல்லை, எனவே தொடர்வண்டி என்கின்றோம், தொடரி என்கின்றோம். காலம் மாறும்போதெல்லாம் தமிழும் புதுச்சொல் ஈனும்.

பெயர்ப்பலகையே இன்றைய அரியணை

ஆயினும் இன்னும் மீளாத ஒன்று உண்டு. அது ஊர்ப்பெயர். ஆர் என்பது ஆத்தி. சோழர் சூடிய கண்ணி. ஆர் நிறைந்த காடு ஆர்க்காடு என்பர் அறிஞர். அதனை ஆங்கிலேயன் ஆர்காட் என்று வெட்டினான். வேலூரை வெல்லூர் ஆக்கினான். குடியேறிய மக்கள் குடியேற்றம் என்றிட்ட பெயர் குடியாத்தம் என மருவி, ஆங்கில எழுத்தில் மேலும் சிதைந்தது. சோலையார்பேட்டை, வடவெழுத்துப் புகுந்து, தமிழெழுத்தால் எழுதவும் இயலாத பெயராகப் பலகையில் நிற்கின்றது.

இப்பலகைகளுக்காகத் தமிழர் போராடியதில்லையா? போராடினர். 1952 ஆகத்து முதல் நாள், தந்தை பெரியாரின் அழைப்பை ஏற்று, நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தனர். 1953 சூலை 15இல், வடநாட்டுத் தொழிலதிபர் பெயர் சூட்டப்பட்டிருந்த ஊருக்குக் கல்லக்குடி என்னும் பழந்தமிழ்ப் பெயரை மீட்கத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். மன்னர் வண்டிக்கு முன்னே வழி பார்க்க ஒரு பொறி ஓடிற்று. மொழிக்காகத் தமிழன் தன் உடலையே வழியில் கிடத்தினான்.

2020ஆம் ஆண்டில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்பிற்கு ஏற்ப எழுத ஆணை பிறப்பித்துப் பின் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் சில இடங்களில் நகைப்புக்கு இடமாயிற்று என்பது உண்மை. எழுத்துக்கூட்டலில் பிழை நேர்ந்தால் திருத்துவதன்றோ முறை? வழியில் ஒரு கல் பெயர்ந்ததற்காக வழியையே மூடுவாருண்டோ?

செய்ய வேண்டுவன

அவையோரே! இங்குள்ளோர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று: இவ்வழியிலுள்ள நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தமிழ்ப்பெயர் பிழையின்றி உள்ளதா எனப் பார்த்து, பிழை இருப்பின் உரிய அலுவலர்க்கு எழுத்தில் தெரிவியுங்கள், விடை வரும்வரை விடாது எழுதுங்கள். இரண்டு: சீட்டுச் சாளரத்தில் தமிழிலேயே கேளுங்கள். தமிழ் தெரியாதவர் அமர்ந்திருந்தால் அவர்மேல் சினம் வேண்டா. அவரை அங்கு அமர்த்திய முறையைக் கேள்வி கேளுங்கள். மூன்று: பிள்ளைகளை ஒருநாள் வேலூர்க் கோட்டைக்கும் முத்துமண்டபத்துக்கும் வாலாசா நிலையத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அரசு எப்படிப் போயிற்று, வண்டி எப்படி வந்தது என்று அந்தந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். பாடநூல் பத்துப் பக்கத்தில் சொல்லாததை அவ்விடம் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

முடியரசு மறைந்தது. ஒப்போலை இட்டு அமைச்சரை வினவும் உரிமை மக்களுக்கு வந்துள்ளது. இன்று தொடர்வண்டியில் செல்லும் ஒவ்வொருவரும் மன்னரே. மன்னரின் மொழியிலன்றோ வழிக்கல் இருத்தல் வேண்டும்? எழுத்தறியாத வழிப்போக்கனும் தடவி அறியுமாறு இரண்டு பெருங்குழியும் ஒன்பது சிறுகுழியும் குடைந்து வைத்தான் அதியமான் வழி கண்ட தமிழன். எழுத்தறிந்த தமிழனுக்கே தன் ஊர்ப்பெயர் விளங்காத பலகை, அக்கல்லின் முன் நிற்கத் தகுதியுடையதா?

அதோ, வண்டி வருகின்றது. அது கடந்து போகட்டும். அது நிற்குமிடமெல்லாம் தமிழ் நிற்குமாறு செய்வது தமிழர் கையில் உள்ளது.

வாழ்க தமிழ்!